அப்பாக்கு 43ல, அம்மாக்கு 54ல: பிரஷர் ஆருக்குக் கூட?

கேள்வி எழுதி அனுப்பின பிள்ளை கேட்டிருக்கிறது இதுதான்: அப்பாக்கு 43 வயசிலயே பிரஷர் பிடிச்சிட்டுது, குளிசை போடுறார், அம்மாக்கு 50 தாண்டுமட்டும் எப்ப பாத்தாலும் 110/70 தான், 54ல கொஞ்சம் கூடிச்சுது, இப்ப 56ல அப்பாவை விட அம்மாக்குத்தான் கூட நிக்குது, 160ஐ விட்டு இறங்குதில்லை, "பிரஷர் ஆம்பிளையளின்ர வருத்தமெல்லோ, அம்மாக்கு எப்பிடி வந்தது" எண்டு. முதலே சொல்லிப்போடுறன், நான் டொக்டர் இல்லை. 33 வருசம் நேர்ஸா நிண்டனான், அதில பாதிக் காலம் மெடிக்கல் கிளினிக், மிச்சம் பிள்ளைப்பேறு வார்ட், இப்ப பென்சன் எடுத்துக்கொண்டு வீட்டில இருக்கிறன். கையில கவ் (பிரஷர் பாக்கிற பட்டி) கட்டிப் பாத்த ஆக்களை எண்ணினா ஒரு ஊரே வரும். அதால கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவன், பொறுமையா வாசியுங்கோ.

ஆருக்குக் கூட எண்ட கேள்விக்கு வயசைச் சொல்லாமப் பதில் சொல்லேலாது. இருவத்தஞ்சு முப்பது வயசில நூறு பெடியன், நூறு பெட்டை எண்டு வைச்சு அளந்தா பிரஷர் கூட நிக்கிறது பெடியங்கள் பக்கம்தான், நாப்பதுகளிலயும் அப்பிடித்தான். பொம்பிளையளுக்கு மாதவிடாய் நிக்கிற 50ஐ அண்டின வயசில கதை மாறத் தொடங்கும், 60க்குள்ள ரெண்டு பேரும் ஒரே மட்டத்துக்கு வந்திடுவினம், 65க்குப் பிறகு கனபேரை எடுத்துப் பாத்தா பொம்பிளையள் முந்திப்போடுவினம். உங்கட வீட்டில நடந்தது ஒரு புதினமும் இல்லை, புத்தகத்தில கீறியிருக்கிற கோடு மாதிரியே நடந்திருக்கு. 2021ல லான்செட் எண்ட மருத்துவச் சஞ்சிகையில ஒரு பெரிய கணக்கு வந்தது, 2019ல உலகம் முழுக்க 30 வயசிலயிருந்து 79 வரைக்கும் பிரஷர் இருக்கிறவை பெண்கள் 62.6 கோடி, ஆண்கள் 65.2 கோடி. கிட்டத்தட்டச் சமன். அப்ப "ஆம்பிளையளின்ர வருத்தம்" எண்ட கதை எங்கயிருந்து வந்தது? ஆம்பிளையளுக்கு முதல் வருது, வேலைக்குப் போய் வாற வயசில நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுகினம், ஊருக்குத் தெரியுது. பொம்பிளைக்கு அறுவதுக்குப் பிறகு வந்தா "வயசு போட்டுது, உது உப்பிடித்தான்" எண்டு விட்டிடுவினம்.

பொம்பிளையளுக்கு ஏன் முதல் பிந்தி வருது, பிறகு பாய்ஞ்சு வருது? ஈஸ்ட்ரஜன் எண்ட ஹோர்மோன் ரத்தக்குழாயின்ர உள்பக்கத்தில நைட்ரிக் ஒக்சைட்டை உண்டாக்க வைக்கும், அது குழாயை இளக்கி விரிச்சு வைச்சிருக்கும், போதாததுக்கு சிறுநீரகத்தில தொடங்கிற, பிரஷரைக் கூட்டிற ஹோர்மோன் கூட்டத்தையும் கொஞ்சம் அடக்கி வைக்கும். இது நிண்டவுடன இளக்கமும் போகும், உடம்பு பருமனும் இடுப்பைச் சுத்தி ஏறும், உப்புக்கு உடம்பு காட்டிற கோவமும் கூடும். வெங்காயத் தோட்டத்துக்கு மோட்டர் போட்டுத் தண்ணி இறைக்கிற வீடெண்டா உங்களுக்கு வடிவா விளங்கும். புது ஹோஸ் எண்டா மோட்டர் அடிக்கேக்க கொஞ்சம் விரிஞ்சு குடுக்கும், நாலு வருசம் வெயிலில கிடந்து விறைச்ச ஹோஸுக்க அதே மோட்டர் அதே தண்ணியை விட்டாலும் அது விரியாது, பூட்டுற வாயில சீறி அடிக்கும். வயசுபோன பொம்பிளையளுக்கு இதுதான். மேல் எண் 160, 170 எண்டு ஏறும், கீழ் எண் 70லயே நிக்கும். கீழ் எண் நல்லா இருக்கெண்டு கனபேர் நிம்மதிப்படுறவை, அது நிம்மதிப்படுற விசயமில்லை, ரெண்டுக்கும் இடைவெளி கூடக்கூடக் குழாய் விறைச்சுப்போச்சு எண்டு அர்த்தம். அப்ப ஈஸ்ட்ரஜன் குளிசை குடுத்தா பிரஷர் குறையும்தானே எண்டு நீங்கள் கேப்பியள். எல்லாரும் அப்பிடித்தான் நினைச்சவை, 2002ல அமெரிக்காவில பெரிய பரிசோதனையின்ர முடிவு வந்தபிறகு இதயத்தைக் காப்பாத்தவெண்டு அதைக் குடுக்கிற யோசனையே விழுந்துபோச்சு. வெளியால விழுங்கிறதும் உடம்பு தானாச் சுரக்கிறதும் ஒண்டில்லை.

இன்னொரு விசயம் இருக்கு, அது என்னையே கொஞ்சம் யோசிக்க வைச்சது. மாதவிடாய் நிண்டபிறகுதான் எல்லாம் எண்டுதான் நாங்கள் படிச்சனாங்கள். 2020ல அமெரிக்காவில 32,000 பேருக்கு மேல, 40 வருசத்துக்கு மேலாச் சேத்த அளவுகளை எடுத்து ஆண் பெண்ணைப் பிரிச்சுப் பாத்திருக்கினம், ஒவ்வொருத்தரையும் அவையவையின்ர தொடக்க அளவோட ஒப்பிட்டுப் பாத்தா பெண்களின்ர கோடு இருவதுகளிலயே ஆண்களை விடச் சரிவா ஏறத் தொடங்குது. அதாவது 100ல தொடங்கினவ 125க்கு வந்திட்டா, 120ல தொடங்கினவர் 130க்கு வந்திட்டார், நாங்கள் 130ஐத்தான் பாத்துக் கவலைப்படுறம், இவ 25 ஏறினதை ஆரும் கவனிக்கிறதில்லை. அடுத்த வருசமே அதே ஆக்கள் இன்னொண்டு எழுதினவை, மாரடைப்பு, பாரிசவாதம் எண்டு ஆபத்து கூடத் தொடங்கிற எண் பெண்களுக்கு ஆண்களை விடக் கீழ இருக்கெண்டு. அதுக்காக இப்ப கிளினிக்கில ரெண்டு பேருக்கும் வேற வேற கணக்கு வைக்கினம் எண்டு நினைக்கவேண்டாம், இலங்கையில எங்களிட்ட இப்பவும் எல்லாருக்கும் 140/90 தான் கோடு, வீட்டில மெசினால பாத்தா 135/85. உந்தக் கோடுகள் எங்கயிருந்து வந்தது எண்டு தேடிப் பாத்தா சிரிப்பு வரும். குளிசை குடுத்தாப் பிரஷர்காரருக்கு நன்மை எண்டு காட்டின 1967ம் ஆண்டுப் பேர்போன ஆய்வில இருந்தது 143 பேர், ஒருத்தர் விடாம ஆம்பிளையள், பழைய பட்டாளத்துக்காரர். பிரஷரை எவ்வளவுக்கு இறக்கினா நல்லது எண்டு பாத்த, 2015ல வந்த ஸ்பிரிண்ட் ஆய்விலகூட 9,361 பேரில மூண்டில ஒரு பங்கு சொச்சம்தான் பெண்கள்.

சரி, ஆம்பிளையளிட்ட வருவம். கிளினிக் நாள் விடிய ஆறு மணிக்கே வாங்கில வரிசையா இருக்கிறது ஆரெண்டு நினைக்கிறியள்? அம்மாமார், மாமிமார், அம்மம்மாமார். கொப்பியை மடியில வைச்சுக்கொண்டு, பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில தேத்தண்ணி, பக்கத்தில இருக்கிறவவோட மகளின்ர கனடா விசாக் கதை. மனுசன்மார் எங்க? வெளியில வேப்ப மரத்துக்குக் கீழ மோட்டர்சைக்கிளில சரிஞ்சு இருந்து பேப்பர் வாசிப்பினம். மனிசியை ஏத்திக்கொண்டு வந்தவை. நான் சிலவேளை வாசலுக்குப் போய் "ஐயா, வந்தது வந்திட்டியள், ஒரு நிமிசம் கையைத் தாங்கோ" எண்டு கேப்பன், "எனக்கொண்டும் இல்லை மிஸ்ஸி" எண்டுதான் பதில். ஒருத்தர் என்ர கரைச்சல் தாங்காம உள்ளுக்க வந்தார், 52 வயசு, சேட்டுக் கையை மடிக்கேக்கயே "எனக்கு நோர்மல்தான் இருக்கும்" எண்டார், பாத்தா 188/116. திருப்பிப் பாத்தன், 184. மனிசிக்கு அண்டைக்கு 138. அவவுக்குச் சிரிக்கிறதோ அழுறதோ எண்டு தெரியேல்லை. நான் முதல் சொன்ன அதே லான்செட் கணக்கில இதுவும் இருக்கு: பிரஷர் இருக்கிற பெண்களில 59 வீதம் பேருக்கு இருக்கெண்டு தெரியும், ஆண்களில 49 வீதம்தான். மருந்து எடுக்கிறது பெண்கள் 47, ஆண்கள் 38. கட்டுப்பாட்டுக்க நிக்கிறது 23ம் 18ம். ரெண்டு பக்கமும் வெக்கப்படவேண்டிய எண்கள்தான், ஆனா ஆம்பிளையள் ஒரு படி கீழ. எங்கட நாட்டில 2011ல தொடங்கின ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில, நோய் இல்லாத ஆக்களைக் கூப்பிட்டு இலவசமாச் சோதிக்கிற இடங்களிலகூட வந்து குவியிறது பொம்பிளையள்தான், ஆம்பிளையளைப் பிடிக்கிறது பெரும்பாடு. பொம்பிளையளுக்கு ஆஸ்பத்திரி பழகின இடம், கர்ப்பிணிக் கிளினிக், பிள்ளைக்கு ஊசி, வெல் வுமன் கிளினிக் எண்டு ஒரு சாட்டிலயாவது கையில கவ் ஏறும். ஆம்பிளைக்கு அந்தச் சாட்டு ஒண்டுமில்லை, விழுந்தாத்தான் வருவார்.

இதில ஒரு நுணுக்கம் சொல்லோணும். டொக்டரைக் கண்டவுடன பயத்தில ஏறிற பிரஷர் இருக்கெல்லோ, வெள்ளைக்கோட்டுப் பிரஷர் எண்டுறது, அது பெண்களுக்குக் கூட. அதுக்கு எதிர்ப்பக்கமா, கிளினிக்கில நோர்மலாக் காட்டி வீட்டில வேலைத்தலத்தில கூட நிக்கிற ஒளிஞ்ச பிரஷர் ஆண்களுக்குக் கூட. பயத்தில ஏறிறவவுக்குக் குளிசை குடுத்து, உள்ளுக்க எரிஞ்சுகொண்டிருக்கிறவருக்கு ஒண்டுமில்லை எண்டு அனுப்பிற பிழை நடக்கலாம். வீட்டில மெசின் வாங்கி வைக்கச் சொல்லுறது இதுக்குத்தான்.

ஆம்பிளையளுக்கு ஏன் முதல் வருது எண்டா ஹோர்மோன் பாதி, பழக்கம் பாதி. வண்டி (தொப்பை) போடுறது அவையளுக்கு முதல், சாராயமோ பியரோ ஒவ்வொரு நாளும் எடுத்தாப் பிரஷர் ஏறும், பனங்கள்ளு குளிர்ச்சிதானே எண்டு சொல்லி வாதாடுவினம், அற்ககோல் அற்ககோல்தான். சுருட்டு, சிகரெட் குழாயைப் பழுதாக்கும். குறட்டை விட்டு இடையில மூச்சு நிண்டு நிண்டு வாற நித்திரை வருத்தமும் ஆம்பிளையளுக்குக் கூட, அதுவும் பிரஷரை ஏத்தும், மனிசிமாரிட்டக் கேட்டாத்தான் உண்மை வரும். பிறகு வெளியில சொல்லாத ஒரு காரணம், சில பிரஷர் குளிசையளால ஆண்மைக்குப் பிரச்சினை வரலாம், வந்தா அவர் டொக்டரிட்டச் சொல்லமாட்டார், பேசாம குளிசையை நிப்பாட்டிப்போட்டு "போட்டனான்" எண்டு பொய் சொல்லுவார். மருந்தை மாத்தித் தரலாம், அதுக்கு வாயைத் திறக்கோணும். திருத்தப்படாத பிரஷரே அந்தப் பிரச்சினையைக் கொண்டுவரும் எண்டது வேற கதை.

இனித்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த முக்கியமான விசயம். உங்கட அம்மாக்கு 50 மட்டும் ஒண்டுமில்லை எண்டு எழுதியிருக்கிறியள். அது உங்களுக்குத் தெரிஞ்ச அளவில. அம்மாட்ட ஒருக்காக் கேளுங்கோ, நீங்கள் வயித்தில இருக்கேக்க பிரஷர் எப்பிடி இருந்தது எண்டு. கால் முகம் வீங்கினதோ, ஆஸ்பத்திரியில வைச்சு மறிச்சவையோ, நாளுக்கு முதலே பிள்ளையை எடுத்தவையோ எண்டு.

ஏன் கேக்கிறன் எண்டா என்ர தங்கச்சி. 1993ல அவளுக்கு முதல் பிள்ளை, 28 வயசு, ஏழாம் மாதம் மட்டும் ஒரு குறையும் இல்லை, பிறகு ஒருநாள் மோதிரம் கழட்டேலாம விரல் வீங்கிப்போச்சு, தலையிடி, கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்கிற மாதிரி இருக்கெண்டாள். பாத்தா 160/110, சலத்தில புரதம். அந்தக் காலம் இஞ்ச யாழ்ப்பாணத்தில சண்டை, கரண்ட் இல்லை, மருந்து வாறது கஸ்டம், எண்டாலும் டொக்டர்மார் காப்பாத்திப்போட்டினம், பிள்ளை 34 கிழமையில பிறந்தது, பூனைக்குட்டி மாதிரி. பிள்ளை பிறந்து ரெண்டு கிழமையில பிரஷர் இறங்கீட்டுது. "எல்லாம் சரி, வீட்ட போங்கோ." அவ்வளவுதான். அந்தக் கிளினிக் கார்ட் இருந்தது, 95 ஒக்டோபரில சண்டையால ஊரே இடம்பெயர்ந்து கிழக்க தென்மராட்சிக்கு நடக்கேக்க அது அலுமாரிக்கயே கிடந்திருக்கும், திரும்பி வரேக்க அலுமாரியே இல்லை. அதோட அந்தக் கதையும் எங்கட தலையில இருந்து போட்டுது. 2011ல, 46 வயசில, பல்லுப் புடுங்கப் போனவள், பல் டொக்டர் கையில கவ்வைக் கட்டிப் பாத்துப்போட்டுப் பல்லைத் தொடமாட்டன் எண்டு அனுப்பிப்போட்டார், 196/112. இருதயத்தின்ர இடப்பக்கம் அதுக்குள்ளயே தடிச்சிட்டுது. ஒரே வளவில இருக்கிறம், நான் ஊருக்கெல்லாம் பிரஷர் பாக்கிற நேர்ஸ், 18 வருசத்தில அவளின்ர கையை ஒருக்காலும் கேக்கேல்லை. அதை நினைச்சா இப்பவும் எனக்கு வயித்தைக் கலக்கும்.

கர்ப்பகாலத்தில 20 கிழமைக்குப் பிறகு 140/90க்கு மேல போய், சலத்தில புரதமோ வேற உறுப்புப் பாதிப்போ சேந்தா அதுக்குப் பேர் பிரீ எக்ளாம்சியா. நூறு கர்ப்பத்தில ரெண்டிலயிருந்து எட்டு வரைக்கும் வரும். பிள்ளை பிறந்தா முடிஞ்சுது எண்டுதான் முந்திச் சொன்னவை. முடியிறதில்லை. அது வந்த பொம்பிளைக்குப் பின்னுக்கு நிரந்தரப் பிரஷர் வாற வாய்ப்பு வராதவவை விட மூண்டு நாலு மடங்கு, மாரடைப்பு, பாரிசவாதம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கர்ப்பம் எண்டது ரத்தக்குழாயளுக்கு வைக்கிற ஒரு சோதினை மாதிரி, அதில தடுமாறினவவுக்குப் பிறகும் தடுமாறும். ஆம்பிளைக்கு இருவத்தெட்டு வயசில இப்பிடியொரு முன்னறிவித்தல் கிடைக்காது. பொம்பிளைக்குக் கிடைக்குது, நாங்கள் அதைக் கார்ட்டோட துலைச்சுப்போடுறம். எங்கட பக்கத்தில இடம்பெயர்ந்த தலைமுறைப் பொம்பிளையள் எத்தினை பேரிட்ட அந்தக் கார்ட் இருக்குது சொல்லுங்கோ? ஞாபகம்தான் ஒரே பதிவு, அதையும் ஆரும் கேக்கிறதில்லை. கிளினிக்கில "அப்பாக்குப் பிரஷர் இருந்ததோ, சீனி இருந்ததோ" எண்டு கேப்பம், "பிள்ளை வயித்தில இருக்கேக்க இருந்ததோ" எண்டு 60 வயசு அம்மாவிட்டக் கேட்ட நேரங்கள் குறைவு, என்னையும் சேத்துத்தான் சொல்லுறன்.

வேற சில்லறைக் காரணங்கள், சில்லறை எண்டாலும் சேந்தாப் பெரிசு. குடும்பக்கட்டுப்பாட்டுக்கு எடுக்கிற மித்துரி மாதிரி ரெண்டு ஹோர்மோன் சேந்த குளிசையள் சிலருக்குப் பிரஷரை ஏத்தும், அதால தொடங்க முதலும் இடைக்கிடையும் பாக்கோணும், ஏற்கனவே பிரஷர் இருக்கிறவவுக்கு அது சரிவராது, வேற முறை இருக்கு. முழங்கால் நோ, நாரி நோ எண்டு பார்மசியில வாங்கிப் போடுற டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் வகையள், உது எங்கட அம்மாமாரின்ர ரகசியம், கைப்பைக்குள்ள ஒரு குளிசைக் கார்ட் எப்பவும் கிடக்கும். அது உப்பையும் தண்ணியையும் உடம்பில மறிச்சு வைக்கும், பிரஷர் குளிசையின்ர வேலையையும் கெடுக்கும். 160ஐ விட்டு இறங்காத உங்கட அம்மாவின்ர கைப்பையை ஒருக்காப் பாருங்கோ, கோவிச்சாலும் பரவாயில்லை. உப்பெண்டா உலக சுகாதார நிறுவனம் சொல்லுறது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ, ஒரு தேக்கரண்டி மட்டமா. எங்கட சாப்பாட்டில கறிக்குப் போடுறதை ஆரும் கணக்கில எடுப்பினம், மோர்மிளகாய், கருவாடு, ஊறுகாய், அப்பளம், பாண், பின்னேரத் தேத்தண்ணியோட பருத்தித்துறை வடை, இதுகளை ஆர் எண்ணினது? சோத்துக்கும் உப்புப் போடுற வீடுகள் இருக்கு. அம்மா சமைக்கிறவ, உப்புச் சரியோ எண்டு ருசி பாக்கிறதும் அவதான், வீட்டில மிஞ்சின கருவாட்டுக் குழம்பை வழிச்சுச் சாப்பிடுறதும் அவதான்.

மருந்திலயும் ஆண் பெண் வித்தியாசம் இருக்கு, இதைத் தெரிஞ்சிருந்தா வீணா நிப்பாட்ட மாட்டியள். எனலாபிரில் வகைப் பிரஷர் குளிசைக்கு வாற வறட்டு இருமல் பெண்களுக்குக் கூட, ரெண்டு மாதம் பாணிமருந்து குடிச்சுக்கொண்டு திரியிறதை விட்டிட்டு டொக்டரிட்டச் சொன்னா லொசாட்டனுக்கு மாத்துவினம். அம்லோடிப்பினுக்குக் கணுக்கால் வீங்கிறதும் பெண்களுக்குத்தான் கூட, "சிறுநீரகம் பழுதாப் போட்டுது" எண்டு பயந்து விட்டவையைக் கண்டிருக்கிறன். சலம் போக வைக்கிற குளிசையால வயசான பொம்பிளையளுக்கு ரத்தத்தில சோடியம் குறைஞ்சு தள்ளாடும், அதுக்கு ரத்தம் சோதிப்பினம். எனலாபிரில், லொசாட்டன் ரெண்டும் பிள்ளை உண்டாகிற யோசனை இருக்கிறவைக்குக் கூடாது, வயித்தில இருக்கிற பிள்ளையின்ர சிறுநீரகத்தைத் தாக்கும், அவையளுக்கு மெதைல்டோப்பா, லபெற்றலோல், நிபெடிப்பின் எண்டு வேற இருக்கு.

அம்மாக்கு வீட்டில பாக்கிற முறை மட்டும் வடிவாச் சொல்லுறன், ஏனெண்டா பாதிப் பேரின்ர 160 உண்மையான 160 இல்லை. தேத்தண்ணி குடிச்சு அரை மணித்தியாலம் போகோணும். சலம் கழிச்சுப்போட்டு வந்து முதுகு சாயிற கதிரையில அஞ்சு நிமிசம் சும்மா இருக்கோணும், கால் ரெண்டும் நிலத்தில, காலுக்கு மேல கால் போடக்கூடாது, கை மேசையில நெஞ்சு மட்டத்தில. சட்டைக் கைக்கு மேல கட்டக்கூடாது, எங்கட ஆக்கள் வெக்கத்தில இறுக்கமான கையை மேல தள்ளிப்போட்டு நீட்டுவினம், அது கையை நெரிச்சு அளவைக் கெடுக்கும், தளர்வான சட்டை போட்டுக்கொண்டு இருக்கச் சொல்லுங்கோ. மொத்தக் கை எண்டாப் பெரிய கவ் வேணும், சின்னக் கவ்வால பாத்தாக் கூடக் காட்டும். பாக்கேக்க கதைக்கக்கூடாது, இதுதான் அம்மாமாருக்குப் பெரிய கஸ்டம். காலமை ரெண்டுதரம் பின்னேரம் ரெண்டுதரம், ஒரு கிழமைக்குப் பாத்துக் கொப்பியில எழுதி, முதல் நாளை விட்டிட்டு மிச்சத்தைச் சராசரி எடுத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கோ. டொக்டருக்கு அந்த ஒரு பக்கம் பெரிய உதவி. அப்பாவையும் அதே கதிரையில இருத்திப் பாருங்கோ, குளிசை போடுறன் எண்டு சொல்லுறவை எல்லாரும் போடுறதில்லை.

பிறகு, கேள்வியின்ர கடைசியில தனக்குக் கலியாணம் சரிவந்திருக்கு, தை மாதம் எண்டு எழுதியிருக்கிறியள், நல்லா இருங்கோ. அதாலதான் அம்மாட்டக் கேக்கச் சொல்லி இவ்வளவு அரியண்டப்படுத்திறன். அம்மாக்கு உங்களைச் சுமக்கேக்க பிரீ எக்ளாம்சியா இருந்திருந்தா மகளுக்கும் அது வாற வாய்ப்பு கூட. முதல் பிள்ளை எண்டதும் ஒரு காரணம், ரெண்டும் சேந்தா 12 கிழமையிலயிருந்து ஒவ்வொரு நாளும் சின்ன அளவு அஸ்பிரின் குடுக்கலாமோ எண்டு டொக்டர் யோசிப்பார், அது பிந்தித் தொடங்கினாப் பெரிசாப் பிரயோசனமில்லை, நீங்களாத் தொடங்கிறதும் இல்லை. மிட்வைஃப் முதல்தரம் வீட்டுக்கு வந்து கார்ட் நிரப்பேக்க அப்பான்ர பிரஷரைச் சொல்லிப்போட்டு நிப்பாட்டாதேங்கோ, அம்மா சொன்ன பதிலையும் சொல்லி அதில எழுதுவியுங்கோ, எழுதினபிறகு போனில ஒரு படமும் எடுத்து வையுங்கோ.